கியர் பெட்டிக்கும் விசிறி வேண்டுமா?

அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்தில், கொலராடோ நதிக்கரையிலே, புல்ஹெட் சிட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. கோடையில் அங்கே வெயில் 110 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுவது சர்வ சாதாரணம். அவ்வூரை ஒட்டிய டேவிஸ் அணைப் பக்கத்திலிருந்து கிழக்கே மலைமீது ஏறும் ரஸ்தா, சுமார் 11 மைல் தூரத்துக்குள் ஏறக்குறைய 3,000 அடி உயரம் போய்விடுகிறது. மோட்டார் உலகத்தில் இந்த ஏற்றத்துக்குத் தனிக் கியாதி உண்டு. பின்னால் டிரெய்லரைக் கட்டி இழுக்கும் ‘பிக்கப்’ வண்டிகளின் சாமர்த்தியத்தை உரைத்துப் பார்க்கும் உரைகல் இதுதான்.

மோட்டார் எஞ்சினீயர்களின் ஸ்தாபனமான எஸ்.ஏ.இ. 2008-ல் ‘ஜே 2807’ என்று ஒரு விதியை வகுத்தது. அதன்படி, வெளியே உஷ்ணம் 100 டிகிரிக்குக் குறையக்கூடாது. வண்டிக்குள் குளிர்சாதனம் முழு மூச்சுடன் ஓட வேண்டும். கம்பெனி விளம்பரம் செய்யும் சுமை முழுவதையும் கட்டி இழுத்துக்கொண்டு, சாதாரணப் பிக்கப் வண்டியானால் மணிக்கு 40 மைலுக்குக் குறையாத வேகத்தில் உச்சிக்குப் போய்ச் சேர வேண்டும். முதலில் இதற்குத் தலை வணங்கியது டொயோட்டா கம்பெனி. மற்றப் பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் 2015-ம் வருஷத்து மாடல்களை ஒட்டித்தான் வழிக்கு வந்தன. அதுவரையில் ஒவ்வொரு கம்பெனியும் தானே பரீட்சை வைத்து, தானே விடைத்தாளைத் திருத்தி, தானே மார்க் போட்டுக்கொண்டிருந்தது!

இவ்வளவு கடுமையான பரீட்சையில் தேறிய வண்டியின் சொந்தக்காரர், பிறகு கடைக்குப் போய், கியர் பெட்டியின் எண்ணெயைக் குளிரச் செய்வதற்குத் தனியாக ஒரு ‘கூலரும்’ அதன் முதுகில் ஒரு மின்சார விசிறியும் வாங்கி மாட்டிக்கொள்கிறாரே, அது ஏன்? வீண் பயமா, விவேகமா? அந்த விசிறியைக் கேலி செய்கிறவர்களும் உண்டு. சர்வரோக நிவாரணி என்று நினைக்கிறவர்களும் உண்டு. இரு சாராருமே விஷயத்தைப் பாதிதான் பார்க்கிறார்கள்.

கியர் பெட்டி ஏன் சூடாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கிளச்சை மிதித்துக் கையால் கியர் மாற்றும் வண்டியில் இந்தத் தொல்லை அதிகம் இல்லை. கிளச் பிடித்துவிட்டால், எஞ்சினும் கியர் பெட்டியும் கெட்டியாகச் சேர்ந்து சுழல்கின்றன. தானாகக் கியர் மாறும் ஆட்டோமாட்டிக் வண்டியின் சமாசாரம் வேறு. 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ‘ஹைட்ராமாட்டிக்’ என்ற பெயரில், 1940-ம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபில் காருக்காக அதை வெளியிட்டது. அதற்கடுத்த படியாக 1948-ல் பியூக் காரில் ‘டார்க் கன்வர்ட்டர்’ வந்தது. இதன் மூலக் கருத்து காருக்காகப் பிறந்ததே அல்ல. ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானிய எஞ்சினீயர் கப்பல் யந்திரங்களுக்காக 1905-ல் உரிமை பதிவு செய்தது அது.

டார்க் கன்வர்ட்டரில் இரண்டு சக்கரங்கள் எதிரும் புதிருமாக எண்ணெயில் முழுகிக் கிடக்கின்றன. எஞ்சின் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அது எண்ணெயை வாரி எதிர்ச் சக்கரத்தின்மீது அடிக்கிறது. அந்த அடியில் எதிர்ச் சக்கரம் சுழன்று வண்டியை நகர்த்துகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழன்றால் நஷ்டம் குறைவு. ஒன்று வேகமாகச் சுழல, மற்றது சுமையினால் திணறி மெல்ல நகர்ந்தால்? இடையில் வீணாகும் சக்தி எல்லாம் எண்ணெயில் உஷ்ணமாக இறங்குகிறது. பத்துக் குதிரைச் சக்தி இப்படி வீணானால் அது ஏறக்குறைய 7,500 வாட். 1,000 வாட் மின்சார அடுப்புகள் ஏழெட்டை எண்ணெய்க்குள் முக்கி வைத்ததற்குச் சமானம். வண்டி சீராக ஓடும்போது இந்த நஷ்டம் வராமலிருக்க, இரு சக்கரங்களையும் கெட்டியாக இணைத்துவிடும் பூட்டு ஒன்று இப்போதைய கியர் பெட்டிகளில் இருக்கிறது. ஆனால் ஊர்ந்து செல்லும்போது அந்தப் பூட்டு விழாது.

ஆகவே மணிக்கு 40 மைல் வேகத்தில் மலை ஏறும்போது எண்ணெய் சூடாவது மெய்தான் என்றாலும், அப்போது முகப்பில் காற்றும் பலமாக அடிக்கிறது. அதைவிடப் பொல்லாத இடம் வேறு. முகாம் மைதானத்தில் டிரெய்லரை ரிவர்ஸில் முன்னும் பின்னுமாக அரை மணி நேரம் நகர்த்துகிறார்களே, அங்கே. ஏரிக்கரைச் சரிவில் படகை ஏற்றி மேலே இழுக்கிறார்களே, அங்கே. ரஸ்தாவில் எங்கோ முன்னால் ஏற்பட்ட விபத்தினால் வண்டிகள் அங்குலம் அங்குலமாக ஊர்கின்றனவே, அந்த ஏற்றத்தில். உஷ்ணம் அதிகம், காற்றோ இல்லை. ஜே 2807 விதியில், நின்ற இடத்திலிருந்து செங்குத்தான சரிவில் பல முறை கிளம்பிக் காட்டும் பரீட்சையும் இருக்கிறது. ஆனால் அது சில நிமிஷ வேலை. வெயிலில் ஒரு மணி நேரம் ஊர்ந்து வருவது அதைப் போன்றதா?

எண்ணெய் சூடானால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். கியர் பெட்டியின் எண்ணெய் வெறும் வழவழப்புக்கு மட்டுமல்ல. சக்தியைக் கடத்துவதும், உள்ளேயிருக்கும் கிளச்சுகளை அழுத்திப் பிடிப்பதும், குளிரச் செய்வதும் அதன் வேலைகள். நல்ல நிலையில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். தீய்ந்தால் பழுப்பேறிக் கருகல் நாற்றம் வீசும். ஒரு காலத்தில் இந்த எண்ணெயில் திமிங்கிலக் கொழுப்பும் சேர்த்தார்கள். உஷ்ணத்துக்கு அது அவ்வளவு தாக்குப்பிடித்ததாம்! 1970-களில் அமெரிக்கா திமிங்கிலப் பொருள்களைத் தடை செய்த பிறகு, ரசாயன நிபுணர்கள் மாற்றுச் சரக்குத் தேடிப் படாத பாடு பட்டார்கள்.

பழைய மெக்கானிக்குகள் ஒரு கணக்குச் சொல்வதுண்டு. 175 டிகிரி பாரன்ஹீட்டில் எண்ணெய் ஒரு லட்சம் மைல் உழைக்கும். அதற்குமேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். 195-ல் ஐம்பதாயிரம், 215-ல் இருபத்தையாயிரம் என்று இறங்கிக்கொண்டே போகும். இது சாஸ்திரம் அல்ல, கைக் கணக்கு. இன்றைய செயற்கை எண்ணெய்கள் இதைவிடத் தாங்கும். ஆனாலும் கணக்கு காட்டும் திசை சரியானது. எண்ணெய் கெட்டுக் கிளச்சுகள் தேய்ந்தால் கியர் பெட்டியைப் பிரித்துப் புதுப்பிக்க அமெரிக்காவில் சில ஆயிரம் டாலர் ஆகும். விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிளம்பியவர் பாலைவனத்து ரஸ்தா ஓரத்தில் நிற்கும் அவஸ்தைக்கு விலை போட முடியாது. கூலரும் விசிறியும் சேர்ந்தே சில நூறு டாலர்தான்.

அப்படியானால் வாங்கி மாட்டிவிட வேண்டியதுதானே? இங்கேதான் நிதானம் வேண்டும்.

சூடான காப்பியை டபராவில் ஊற்றி ஆற்றுவதில் என்ன நடக்கிறது? காப்பி பரவுகிறது, காற்றுப் படுகிறது. கூலர் செய்வதும் இதே காரியந்தான். மெல்லிய குழாய்களிலும் தகடுகளிலும் எண்ணெயைப் பரப்பிக் காற்றுப்படச் செய்கிறது. ஜன்னலோரத்தில் பலமாகக் காற்று வீசும்போது காப்பிக்கு விசிறி எடுத்து வீசுவார் உண்டோ? மணிக்கு 60 மைலில் ஓடும் வண்டியின் முகப்பில் மாட்டிய கூலருக்கு விசிறி வைப்பது அந்த மாதிரிதான். சிறிய மின்சார விசிறி தரும் காற்றைவிட எதிர்க்காற்று பலமானது. விசிறியின் மோட்டாரும் சட்டமும் அதற்கு இடையூறாகக்கூட இருக்கலாம். வண்டி நிற்கும்போதுகூட ரேடியேட்டர் முன்னால் இருக்கும் கூலருக்கு எஞ்சின் விசிறியே ஓரளவு காற்றை இழுத்துக் கொடுக்கிறது. ஆனால் முகப்பில் இடமின்றி, வண்டியின் அடிச்சட்டத்தில் ஓர் ஓரமாகக் கூலரை மாட்டியிருந்தால் விஷயம் தலைகீழ். அங்கே தானாகக் காற்று எட்டாது. விசிறி இல்லாத கூலர் அங்கே பாதி அலங்காரப் பொருள்.

இன்னொரு சங்கதி. எண்ணெய் அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் கெடுதல்தான். கெட்டியாகிக் கியர்கள் மந்தமாக மாறும். ஆகையால் இக்காலத்துக் கியர் பெட்டிகள் பலவற்றில், எண்ணெய் போதிய அளவு சூடாகும் வரையில் அதைக் கூலருக்கு அனுப்பாமல் திருப்பிவிடும் வால்வு ஒன்று இருக்கிறது. சிலவற்றில் 190, 200 டிகிரி என்பதே கம்பெனி வேண்டுமென்று வைத்த சுபாவ நிலை. அந்த வால்வு திறக்காத வரையில், எண்ணெயே வராத கூலரை விசிறி ஆனந்தமாகக் குளிரச் செய்துகொண்டிருக்கும்!

ஆகவே விசிறி வாங்குவதற்கு முன் வாங்க வேண்டியது உஷ்ணமானி. எண்ணெய் எப்போது, எந்த இடத்தில், எத்தனை டிகிரி ஏறுகிறது என்று ஒரு கோடைகாலம் பார்த்துக் குறித்துக்கொண்டவருக்கே விசிறி வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் யோக்கியதை உண்டு. ஏற்றத்தில் வேகமாகப் போகும்போது முள் எகிறினால் பெரிய கூலர் தேவை, விசிறி அல்ல. ஊரும்போதும் நிற்கும்போதும் எகிறினால் விசிறிதான் மருந்து. ஜுரம் பார்க்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவோமா?

மாட்டுகிற விதத்திலும் எத்தனையோ விபரீதங்கள் நடக்கின்றன. பத்து அங்குல விசிறி சில ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். அதை ஃபியூஸ் இல்லாமல் பாட்டரியிலிருந்து நேரே இழுத்துவிடுவது வண்டிக்கு நெருப்பு வைக்க வழி தேடுவது. ஃபியூஸும் ரிலேயும் இல்லாத வேலையை வேலை என்றே சொல்லக் கூடாது. 180 டிகிரியில் தானே ஓடத் தொடங்கும் சுவிட்சுகள் கடையில் கிடைக்கின்றன. டிரைவரின் ஞாபக சக்தியை நம்புவதைவிட அது மேல். கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் விசிறி தலைகீழாகச் சுழன்று எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்கும். கூலரின் தகடுகளுக்கு ஊடே பிளாஸ்டிக் கட்டுகளைச் செருகி விசிறியை இறுக்குவது வெகு சுலபமான வழி. அதனாலேயே வெகுவாகப் பரவிவிட்டது. வண்டியின் அதிர்ச்சியில் அந்தக் கட்டு குழாயை அராவி அராவி ஒருநாள் ஓட்டை போட்டுவிட்டால், எண்ணெய் முழுவதும் ரஸ்தாவில்! தனிச் சட்டம் அமைத்து மாட்டுவதற்கு ஒரு மணி நேரம் அதிகம் ஆனால் ஆகட்டுமே.

குற்றம் சொந்தக்காரர்களிடம் மட்டுமா இருக்கிறது? பிக்கப் வண்டிகள் பலவற்றில் கியர் எண்ணெயின் உஷ்ணத்தைக் காட்டும் முள்ளோ எண்ணோ இப்போது இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் டிரெய்லர் இழுக்கலாம் என்று சொல்லி விற்கும் எத்தனையோ குடும்பக் கார்களில் ஒரு சிறு விளக்கோடு சரி. அந்த விளக்கு எரியும்போது எண்ணெய் வெந்து முடிந்திருக்கும். வண்டிக்குள் அந்த உஷ்ணத்தை அளக்கும் கருவி ஏற்கனவே இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு எண் தெரிகிறது. பணம் கொடுத்து வாங்கியவருக்குத்தான் தெரியவில்லை. சினிமா காட்டவும் பாட்டுப் பாடவும் பெரிய திரை வைக்கிற கம்பெனிகளுக்கு, அதில் ஓர் எண்ணைக் காட்டுவது பெரிய காரியமா? சுமை இத்தனை பவுண்டு என்று விளம்பரம் செய்கிறவர்கள், எண்ணெய் இத்தனை டிகிரி வரை போகலாம் என்பதையும் கைப்புத்தகத்தில் அச்சிட வேண்டும். அது தெரியாததனால்தான் ஜனங்கள் பயந்துபோய்க் கண்டதையெல்லாம் மாட்டுகிறார்கள்.

வெளிச் சாமான் மாட்டினால் உத்தரவாதம் போய்விடும் என்று ஒரு மிரட்டலும் உண்டு. அமெரிக்காவில் 1975-ம் வருஷத்து மாக்னஸன்-மாஸ் சட்டப்படி அது அவ்வளவு லேசில் செல்லாது. அந்தச் சாமானால்தான் பழுது வந்தது என்று காட்டினால்தான் கம்பெனி கை விரிக்கலாம். பிளாஸ்டிக் கட்டு குழாயை அறுத்துவிட்டால் கம்பெனியின் கை ஓங்கிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

செலவே இல்லாத உபாயங்களும் இருக்கின்றன. ஏற்றத்தில் வேகத்தைக் குறைத்து, ‘டோ-ஹால்’ பொத்தானை அழுத்தினால் கியர் அடிக்கடி மாறித் தத்தளிக்காது. வண்டிகள் தேங்கி நிற்கும் இடத்தில், பிரேக்கை மிதித்தபடி ‘டிரைவ்’ நிலையிலேயே எஞ்சினோடு இழுபறி செய்வதற்குப் பதில், நியூட்ரலுக்கு மாற்றி எஞ்சினைச் சற்றே வேகமாகச் சுழலவிடலாம். பம்ப் எண்ணெயைக் கூலர் வழியாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். முள் மெல்லக் கீழே இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பார்ப்பதற்கு முள் இருந்தால்.