ஒளியுளி: வாங்குவதா, செய்வதா?

திருவனந்தபுரத்தின் கிழக்குக் கோட்டை வாயிலுக்கு அருகே அமைந்துள்ளது பழவங்காடி. புதுத்தொழில் தொடங்குவோரும் தேர்வு எழுதச் செல்வோரும் அங்குள்ள கணபதி கோயிலில் தேங்காய் உடைத்து வழிபடுவது வழக்கம். கோயிலிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் சாலைக் கடைத்தெரு வந்துவிடும். தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்திவரும் தெரு அது. திருகாணி, இரும்புச் சட்டம், மின்கம்பி ஆகியவற்றைத் தேடி அலைய வேண்டாத அந்த வட்டாரத்தில் வளரும் மாணவர் ஒருவர், கணினியின் கட்டளைப்படி லேசர் ஒளியால் பலகையை அறுக்கும் கருவியொன்றைத் தாமே செய்ய விரும்புகிறார் என்று கொள்வோம். பெற்றோரும் ஆசிரியரும் அவரை ஊக்குவிக்கலாமா, தடுக்கலாமா?

ஊக்குவிக்கவே வேண்டும். ஆனால் எதை முதலில் செய்வது, எதை இறுதியில் செய்வது, எவர் முன்னிலையில் செய்வது என்னும் ஒழுங்கு இல்லாமல் ஊக்குவித்தால் அது நன்மையாகாது.

கருவியின் இயல்பு

லேசர் என்பதைத் தமிழில் சீரொளி என்பர். 1960ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1964இல், கரியமில வாயுவைக் கொண்டு இயங்கும் லேசரை உருவாக்கியவர் சி. குமார் படேல். மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றியவர் அவர். மரப்பலகை, அட்டை, தோல், அக்ரிலிக் போன்றவற்றை அறுக்கும் கருவிகள் பலவற்றில் இன்றும் அவர் கண்ட வகை லேசரே பயன்படுகிறது.

இக்கருவியில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது ஒளியைத் தரும் குழாய். இரண்டாவது அவ்வொளியை வழிநடத்தும் கண்ணாடிகளும், அதை ஒரு புள்ளியில் குவிக்கும் வில்லையும். மூன்றாவது அந்தப் புள்ளியை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் நகர்த்தும் சட்டகம். சட்டகத்தில் உள்ள மோட்டார்களுக்குக் கணினி கட்டளையிடுகிறது. உளியைப் பிடித்த தச்சரின் கை செய்யும் வேலையைச் சட்டகமும், உளியின் வேலையை ஒளியும் செய்கின்றன. ஆதலால் இதனை ஒளியுளி எனலாம்.

செய்வதனால் வரும் அறிவு

“கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் கருவியை ஏன் செய்ய வேண்டும்?” என்பது சிலர் எழுப்பும் வினா. பொருளை மட்டும் கருதினால் இவ்வினா நியாயமானதே. குழாய், வில்லை, மோட்டார் ஆகியவற்றை எப்படியும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். அவற்றைப் பொருத்துவதற்குச் செலவாகும் காலத்தையும் கணக்கிட்டால் ஆயத்தக் கருவியே மலிவாக அமையக்கூடும். ஆனால் மாணவருக்கு இதில் கிடைக்கும் ஊதியம் பணம் அன்று, அறிவு.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இத்தகைய சட்டகத்தில் பயன்படும் படிநிலை மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகளாக நகரும். அதன் அச்சில் 20 பற்கள் கொண்ட சிறு சக்கரம் உண்டு. பற்களுக்கு இடையே 2 மில்லிமீட்டர் தூரம் எனில், ஒரு சுற்றில் வார்ப்பட்டை 40 மில்லிமீட்டர் நகரும். எனவே ஒரு படிக்கு 0.2 மில்லிமீட்டர். மின்னணுச் சுற்று ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பிரித்தால் ஒரு நுண்படிக்கு 0.0125 மில்லிமீட்டர் ஆகிறது. ஏட்டில் உயிரற்றுக் கிடந்த வகுத்தல் கணக்கு இங்கே கண்முன் அசைகிறது.

சட்டகத்தின் மூலைகள் செங்கோணமாக இல்லாவிடில் சதுரம் வரையும்படி கட்டளையிட்டாலும் கருவி சாய்சதுரத்தையே வரையும். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கத்தில் 300 மில்லிமீட்டரும் மறுபக்கத்தில் 400 மில்லிமீட்டரும் அளந்து, அவ்விரு புள்ளிகளுக்கும் இடையே சரியாக 500 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்தால் பிழை தெரிந்துவிடும். பிதாகரசு தேற்றத்தை மனப்பாடம் செய்த மாணவர் அதை மறக்கலாம். அதைக் கொண்டு ஒரு மூலையை நேராக்கிய மாணவர் மறப்பதில்லை.

ஒளியுளியும் வெட்டும் இடத்தில் சிறிது பொருளை எரித்தே வழி உண்டாக்குகிறது. 3 மில்லிமீட்டர் பலகை நுழைவதற்கு 3 மில்லிமீட்டர் துளையை வரைந்தால், வெட்டின் அகலமும் சேர்ந்து துளை தளர்ந்துவிடும். வரைபடத்திற்கும் பொருளுக்கும் இடையே இப்படி ஒரு சிறு வேறுபாடு எப்போதும் உண்டு. அதை முன்கூட்டியே கணக்கில் கொள்வது தச்சரும் தையற்காரரும் காலங்காலமாக அறிந்த நுட்பம். ஆயத்தக் கருவியின் பொத்தானை அழுத்துவோர் இதனை உணர்வது அரிது.

ஆபத்தை மறைக்கலாகாது

மறுபக்கத்தில் உள்ளோர் கூறும் அச்சம் வீண் அச்சம் அன்று. வகுப்பறையில் சுட்டிக்காட்டப் பயன்படும் சிறு லேசரின் திறன் ஏறத்தாழ ஒரு மில்லிவாட். பலகையை அறுக்கும் சிறிய வாயுக் குழாயின் திறன் 40 வாட். அதாவது நாற்பதாயிரம் மடங்கு. 0.5 வாட்டுக்கு மேற்பட்ட லேசர்கள் மிகவும் ஆபத்தான நான்காம் வகுப்பில் வைக்கப்பட்டுள்ளன. கரியமில வாயு லேசரின் ஒளி கண்ணுக்குப் புலப்படாது. அது கருவிழியைச் சுட்டுவிடும். விலை குறைந்த நீலநிற லேசரோ கண்ணின் வில்லையைக் கடந்து விழித்திரையில் குவியும். இமைப்பதற்குள் நேரும் அத்தீங்கு வாழ்நாள் முழுவதும் நீடிக்கும்.

ஒளி மட்டுமே ஆபத்து அன்று. வாயுக் குழாயை இயக்க ஏறத்தாழ 15,000 முதல் 20,000 வோல்ட் வரை மின்னழுத்தம் வேண்டும். இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்னூட்டம் எஞ்சியிருக்கக்கூடும். பி.வி.சி. எனப்படும் நெகிழியை அறுத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். அது நுரையீரலைப் புண்ணாக்குவதோடு கருவியையும் துருப்பிடிக்கச் செய்யும். அட்டையும் பலகையும் தீப்பற்றக்கூடியவை. ஆகவே இயங்கும் கருவியை விட்டு ஒருவரும் அகலக்கூடாது.

“ஆர்வம் இருந்தால் போதும், எல்லாவற்றையும் வீட்டு அறையிலேயே செய்துவிடலாம்” என்று கூறுவோர், கண் ஒன்று போனால் திரும்ப வாராது என்பதை எண்ண வேண்டும். அதுபோல, “ஆபத்து உண்டு, ஆகவே தொடவே கூடாது” என்போர், விலைக்கு வாங்கிய கருவியிலும் அதே ஒளிதான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகின்றனர். மூடி திறந்தால் ஒளி ஏன் நிற்க வேண்டும் என்று அறியாமல் பயன்படுத்துபவரை விட, அதற்கான மின்சுவிட்சைத் தம் கையால் பொருத்தியவரே எச்சரிக்கையாக இருப்பார்.

தும்பா கூறும் பாடம்

இதற்கான விடை பழவங்காடிக்கு அயலிலேயே இருக்கிறது. நகரை அடுத்த கடற்கரை ஊரான தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் விண்ணில் ஏவப்பட்டது. மீனவ மக்கள் வழிபட்ட தேவாலயம் அந்நிலையத்தின் அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் பாகங்கள் மிதிவண்டியில் கொண்டு செல்லப்பட்டன. ஆயினும் அந்த ராக்கெட் அமெரிக்காவில் செய்யப்பட்டதாகும்.

அத்துடன் பணி நின்றிருந்தால் இந்தியா வாங்கும் நாடாகவே இருந்திருக்கும். 1967 நவம்பர் 20 அன்று அதே தும்பாவிலிருந்து, உள்நாட்டில் செய்யப்பட்ட ரோகிணி ராக்கெட் எழுந்தது. அதன் விட்டம் வெறும் 75 மில்லிமீட்டர். வாங்கிய ராக்கெட்டை விட மிகச் சிறிது. எனினும் சொந்தமாகச் செய்தது. பின்னாளில் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் வடிவமைத்த பி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தின் முதல் அடுக்கு 2.8 மீட்டர் விட்டம் கொண்டது. சிறியதைச் செய்து கற்றவர்களே பெரியதைச் செய்தனர். அவர்கள் துணிவோடு மட்டும் செயல்படவில்லை. அளந்து, சோதித்து, படிப்படியாக முன்னேறினர்.

மகாராட்டிரத்தின் பாபல் என்னும் சிற்றூரும் இதையே கூறுகிறது. அங்கு 1983இல் மருத்துவரல்லாத அறிவியல் முனைவர் கல்பாக் தொடங்கிய விஞ்ஞான ஆசிரமம், கிராமத்துக்குத் தேவையான பொருள்களைச் செய்வதன் வாயிலாகவே இளைஞருக்குக் கல்வி அளித்தது. கணினியால் இயங்கும் கருவிகளைப் பொதுமக்களும் பயன்படுத்துவதற்கான ‘ஃபேப் லேப்’ எனும் பணிக்கூடம், 2002இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்துடன் இணைந்து அச்சிற்றூரில் அமைந்தது. அவ்வகைப் பணிக்கூடம் இன்று திருவனந்தபுரத்திலும் உண்டு.

கொள்ள வேண்டிய நெறி

ஆகவே வேலையை மூன்று படிகளாகப் பிரிப்பது நன்று. முதற்படியில் லேசர் வேண்டா. சட்டகத்தைச் செய்து, ஒளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பேனாவைப் பொருத்த வேண்டும். பேனா வரையும் சதுரத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாகும் வரை சட்டகத்தைத் திருத்த வேண்டும். கற்க வேண்டியதில் பெரும்பகுதி இப்படியிலேயே அடங்கிவிடுகிறது. இதில் கண்ணுக்குத் தீங்கு இல்லை. வீட்டு மேசையிலேயே இதனைச் செய்யலாம்.

இரண்டாம் படியில் ஒளி புகாத பெட்டி, புகையை வெளியேற்றும் விசிறி, மூடி திறந்தால் மின்னோட்டத்தை நிறுத்தும் சுவிட்சு, அவசர நிறுத்தப் பொத்தான் ஆகியவற்றை அமைத்துச் சோதிக்க வேண்டும். காப்பு முந்த வேண்டும். ஒளி பிந்த வேண்டும்.

மூன்றாம் படியே லேசரைப் பொருத்துவது. அதைப் பயிற்சி பெற்றோர் முன்னிலையில், பணிக்கூடத்தில் மட்டுமே செய்ய வேண்டும். அதற்கு வாய்ப்பில்லாத மாணவர் முதலிரு படிகளோடு நின்றாலும் குறைவில்லை.

பள்ளிகளுக்கும் இதில் கடமை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவருக்காக 2016 முதல் அடல் புத்தாக்க ஆய்வகங்கள் நாடெங்கும் அமைக்கப்பட்டு வருகின்றன. விலையுயர்ந்த கருவியை வாங்கிப் பூட்டி வைத்து விருந்தினருக்குக் காட்டுவதால் அவற்றின் நோக்கம் நிறைவேறாது. மாணவர் கழற்றிப் பார்க்கவும், பிழை செய்யவும், திருத்தவும் ஏற்ற எளிய கருவிகளே அங்கு மிகுதியாக வேண்டும்.

கருவியை வாங்குபவர் அதன் பயனைப் பெறுகிறார். கருவியைச் செய்பவர் அதன் பயனோடு அதன் எல்லையையும் அறிகிறார். எல்லை அறிந்த கையே பாதுகாப்பான கை.

பயிற்சி

அ. பொருள் அறிக
ஆயத்தம் – முன்பே செய்து வைத்த நிலை
ஊதியம் – பயன், ஆதாயம்
வில்லை – ஒளியைக் குவிக்கும் கண்ணாடித் துண்டு
மின்னூட்டம் – ஒரு பொருளில் தேங்கியுள்ள மின்சாரம்

ஆ. சுருக்கமாக விடை எழுதுக
1. ஒளியுளியின் மூன்று பகுதிகள் யாவை?
2. பி.வி.சி. நெகிழியை ஏன் லேசரால் அறுக்கக்கூடாது?
3. 1963, 1967 ஆகிய ஆண்டுகளில் தும்பாவில் நிகழ்ந்தவற்றை ஒப்பிடுக.

இ. சிந்தித்து எழுதுக
“வாங்குவதை விடச் செய்வதே சிறந்தது” என்பதை ஏற்கிறீரா, மறுக்கிறீரா? உம் கருத்தைக் காரணங்களுடன் பத்து வரிகளில் எழுதுக.