தெருமுனையில் இருந்த கல்



வர்ஜீனியாவில் மகன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை ஃபிரெடரிக்ஸ்பர்க் என்ற ஊருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ராப்பஹானக் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். உள்நாட்டுப் போரில் வடக்குக்கு வாஷிங்டன் தலைநகரம், தெற்குக்கு ரிச்மண்ட். இந்த ஊர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கியது.

தெருவுக்குத் தெரு வரலாற்றுப் பலகைகள். முப்பது வருடம் சமூக அறிவியல் நடத்தியவளுக்குப் படிக்காமல் நகர மனசு வருமா? ஒவ்வொன்றாக நின்று படித்தேன். "அம்மா, பார்க்கிங் நேரம் முடியுதும்மா" என்று மகன் கெஞ்சிக்கொண்டே வந்தான்.

1862 டிசம்பர் 13 அன்று இங்கே பெரிய சண்டை. மேரீஸ் ஹைட்ஸ் என்ற மேட்டின் அடியில் ஒரு பள்ளச் சாலை, அதை ஒட்டி ஒரு கல் சுவர். சுவருக்குப் பின்னால் தெற்குப் படை. திறந்த வெளியில் அலை அலையாக ஏறி வந்த வடக்குப் படையில் ஒருவர்கூட அந்தச் சுவரைத் தொடவில்லை. அந்தப் போரில் வடக்குத் தரப்பில் மட்டும் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் சேர்த்து 12,000 பேருக்கு மேல்.

மேட்டின் மேல் தேசியக் கல்லறைத் தோட்டம். 15,000க்கும் மேற்பட்ட வடக்கு வீரர்கள் அங்கே உறங்குகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பெயர் தெரியாது. அவர்களுக்கு வைத்திருப்பது சின்னச் சதுரக் கல். அதில் இரண்டு எண்கள். மேலே இருப்பது கல்லறை எண், கீழே இருப்பது அந்தக் குழியில் எத்தனை பேர் என்பது. ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அந்த எண்களைக் கூட்டிக்கொண்டே வந்தவள், கொஞ்ச தூரத்தில் பேச்சை நிறுத்திவிட்டாள்.

நான் எழுத வந்தது இதைப் பற்றி அல்ல.

ஊருக்குள் வில்லியம் தெருவும் சார்லஸ் தெருவும் சந்திக்கும் முனையில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் இருந்தது. அந்த முனையில் இருந்த ஹோட்டல் வாசலில் அடிமைகளை ஏலம் விட்டிருக்கிறார்கள். அடிமைகளும் உடைமைகளும் ஏலம் போன இடம் என்று கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டயம் பதித்திருந்தார்கள். மனிதர்களையும் சாமான்களையும் ஒரே வரியில்! பல வருட விவாதம், நகர மன்ற ஓட்டெடுப்பு, நீதிமன்ற வழக்கு எல்லாம் முடிந்து, 2020 ஜூன் 5 அன்று கல்லைப் பெயர்த்தெடுத்தார்கள். இப்போது அது அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்குக் கோபம்தான் வந்தது. "எடுத்திருக்கவே கூடாது. நடக்கிறவன் காலில் இடறினால்தானே கேள்வி கேட்பான்? அருங்காட்சியகத்துக்கு எத்தனை பேர் போவார்கள்?" என்றேன்.

பேத்தி கேட்டாள்: "அப்பத்தா, என் ஃப்ரெண்டோட பாட்டிக்குப் பாட்டிய அங்க வித்திருந்தா? அவ தினமும் அதைத் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போகணுமா? ஐஸ்கிரீம் சாப்பிட வர்றவங்க அது மேல ஏறி நின்னு போட்டோ எடுப்பாங்க. அதை அவ பார்க்கணுமா?"

என்னிடம் பதில் இல்லை. பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அடுத்தவர் காயத்தையும் பாட உபகரணமாகப் பார்த்துவிடுவோம். நானும் அதைத்தான் செய்தேன்.

ஆனாலும் என் கருத்தில் பாதியை நான் விடவில்லை. அந்தக் கல் சுவரின் பெரும்பகுதி அழிந்து போய், 1930களில் திரும்பக் கட்டப்பட்டது. போர் எங்கே, எப்படி நடந்தது என்று காட்ட அவ்வளவு மெனக்கெட்டவர்கள், எதற்காக நடந்தது என்று காட்டவும் அதே அளவு மெனக்கெட வேண்டாமா? கல் அருங்காட்சியகத்தில் இருக்கட்டும், அது சரிதான். ஆனால் அந்தத் தெருமுனை ஒருநாளும் வெறும் நடைபாதையாக ஆகிவிடக் கூடாது. விற்றவர், வாங்கியவர், விற்கப்பட்டவர் என்று ஆவணங்களில் கிடைக்கிற பெயர்களையெல்லாம் அங்கே எழுத வேண்டும்.

விற்கப்பட்டவர்கள் என்றால் அழுதுகொண்டு நின்றவர்கள் என்று மட்டும் பிள்ளைகள் நினைக்கக் கூடாது. ஜான் வாஷிங்டன் என்ற இளைஞர் இதே ஊரில் அடிமையாக இருந்தவர். போருக்கு எட்டு மாதம் முன்பு, 1862 ஏப்ரல் 18 அன்று, வடக்குப் படை அக்கரைக்கு வந்ததும் இதே ஆற்றைக் கடந்து விடுதலை அடைந்தார். பிறகு தன் கதையைத் தன் கையாலேயே எழுதி வைத்தார். தளபதிகளின் பெயரோடு இவர் பெயரையும் மனப்பாடம் செய்ய வைத்தால் என்ன?

ஆசிரிய நண்பர்களே, நீங்களாக இருந்தால் அந்தக் கல்லை எங்கே வைத்திருப்பீர்கள்? கருத்தில் சொல்லுங்கள். பேத்தியிடம் படித்துக் காட்ட வேண்டும்.