படகில் போனாலும் விசா வேண்டும்



"வெள்ளைக்காரர் சின்னப் பாய்ப்படகில நாடு நாடாய்ப் போகினம்தானே, நாங்கள் படகில போனால் மட்டும் ஏன் பிடிக்கினம்?" என்று ஒரு சகோதரி கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அவர்கள் போகும் முறையைப் பாருங்கள். உல்லாசப் பாய்ப்படகில் அவுஸ்திரேலியாவுக்கு வருபவர்கள், கரைசேரக் குறைந்தது 12 மணித்தியாலத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். படகிலுள்ள ஒவ்வொருவரிடமும் கடவுச்சீட்டும், முன்கூட்டியே எடுத்த விசாவும் இருக்க வேண்டும். நினைத்த கரையில் இறங்க முடியாது. டார்வின், கேர்ன்ஸ் போன்ற குறித்த துறைமுகத்துக்குப் போய், மஞ்சள் கொடி ஏற்றிக் காத்திருக்க வேண்டும். குடிவரவு, சுங்க அதிகாரிகள் பரிசோதித்து முடிக்கும்வரை எவரும் இறங்கக் கூடாது. சமைத்து மிஞ்சிய மரக்கறி, இறைச்சியைக்கூட மறைக்காமல் சொல்ல வேண்டும். வசதியானவர்களின் படகுக்கே இவ்வளவு சட்டம்.

விசா இல்லாமல் படகில் வருபவர்களை அங்கே குடியேற விடுவதில்லை என்று அவுஸ்திரேலியா 2013 ஜூலையில் அறிவித்தது. அதே ஆண்டு செப்டெம்பரிலிருந்து படகுகளைத் திருப்பி அனுப்பும் நடவடிக்கையும் தொடங்கியது. திருப்பி அனுப்பப்பட்டால், சட்டவிரோதமாக நாட்டைவிட்டு வெளியேறியதற்கு இங்கே வழக்கு வரும். விற்ற தாலிக்கொடியும் ஈடுவைத்த காணியும் மீளாது.

போக நினைக்கும் உங்கள் மனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் "படகு தயார்" என்று எவராவது காசு கேட்டால், "என் பெயரில் விசா எங்கே?" என்று முதலில் கேளுங்கள். அதைக் காட்டாதவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.