கார் ஷெட்டில் ஒரு டோக்கன்

ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். ரயில்வேயில் டிப்ளமோ இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, பெங்களூர் வீட்டுக் கார் ஷெட்டில் இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. ஒன்று வீட்டு ரிப்பேர். மற்றது மாடல் ரயில் எஞ்சின். இரண்டுக்கும் ஒரே மேசை, ஒரே வைஸ், ஒரே ஆள்.

நான் செய்வது ஒய்.பி. என்ற மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின். 87-இல் ஒரு பங்கு அளவு. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. அது 1435 மி.மீ. கொண்ட ஐரோப்பியப் பாதையின் கணக்கு. நமது மீட்டர் கேஜுக்கு 11.5 மி.மீ.யும், 1676 மி.மீ. அகலப்பாதைக்கு 19.3 மி.மீ.யும் வேண்டும். ஆகவே பித்தளைத் தகட்டை வெட்டி, அராவி, ஈயப்பற்று வைத்து நாமே செய்ய வேண்டியதுதான்.

வயதான காலத்தில் விளையாட்டா என்று கேட்கலாம். எண்பதுகளில் நான் தொழில் கற்ற எஞ்சின்கள் காயலான் கடைக்குப் போய்விட்டன. மைசூர் மீட்டர் கேஜ் பாதையும் தொண்ணூறுகளில் அகலப்பாதையாகிவிட்டது. என் பேரனுக்குத் தெரிந்தவை மெட்ரோவும் வந்தே பாரத்தும்தான். 1979-இல் தொடங்கிய மைசூர் ரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களை அவனுக்குக் காட்டினேன். "தாத்தா, இது எப்படி ஓடும்?" என்றான். பிஸ்டனின் தள்ளலை ராடு எப்படிச் சக்கரத்தின் சுழற்சியாக்குகிறது என்பதை ஓடும் மாடலில்தான் காட்ட முடியும். என் கண்ணும் கையும் ஒத்துழைக்கும்போதே அதை முடிக்க வேண்டும்.

அந்த அவசரத்தில் ஷெட் கூரையின் விரிசலை மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். ஆகஸ்டில் ஒருநாள் இரவு கொட்டிய மழை நேராக மேசைமேல் ஒழுகியது. வரைபடங்கள் ஊறிப்போயின, எஃகு ராடுகள் துருப்பிடித்தன. "ஊர் எஞ்சினையெல்லாம் பார்த்தீர்கள், சொந்த ஷெட்டைப் பார்க்கவில்லையே" என்றாள் மனைவி. ரோஷத்தில் ரிப்பேர் மட்டுமே என்று இறங்கினேன். ஷட்டர், குழாய், ஸ்கூட்டர், பக்கத்து வீட்டு மிக்ஸி என்று ஆறு மாதம் போனது. எஞ்சின்மேல் தூசி படிந்தது.

இரண்டும் தவறு என்பது என் கருத்து. நீராவி ஷெட்டில் எஞ்சின் நன்றாக ஓடினாலும், நாள் வந்தால் கொதிகலனைக் கழுவியே தீர வேண்டும். பழுதாகட்டும் என்று காத்திருப்பதில்லை. வீட்டுக்கும் அதுவே பொருந்தும். திங்கள், வியாழன் காலை ரிப்பேர். கூரையும் ஷட்டரும் மழைக்கு முன் மே மாதத்தில். மற்ற நாட்களில் காலை இரண்டு மணி நேரம் எஞ்சின்.

அந்தக் காலத்தில் டோக்கன் முறை இருந்த ஒற்றைப் பாதையில் டோக்கன் பந்து கைக்கு வந்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். என் ஷெட்டிலும் ஆணியில் ஒரு பித்தளை வளையம் தொங்குகிறது. அது எந்த வேலையின் பக்கம் இருக்கிறதோ, அந்த வேலைதான் மேசைக்கு வரும். தண்ணீர், மின்சாரம் சம்பந்தப்பட்ட அவசரத்துக்கு மட்டும் விதிவிலக்கு. மிக்ஸிக்கு இல்லை.

ஓய்வு பெற்ற அன்பர்களே, வீணையோ, தோட்டமோ, எழுத்தோ, உங்களுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கும். ரிப்பேரெல்லாம் முடியட்டும் என்று அதை ஒத்திப்போடாதீர்கள். வீடு இருக்கும்வரை ரிப்பேர் முடியாது. அதற்கும் ஒரு நாள் குறியுங்கள்.

என் எஞ்சினுக்கு இன்னும் டெண்டர் பாக்கி. கூரை இப்போது ஒழுகவில்லை.