வளையத்தின் வாய்



சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலைப்பொழுது. நம் தெருவின் கடைக்கோடி வீட்டில் தனியே வாழும் பெரியம்மா, தம் வீட்டுத் திண்ணையில் விளக்கேற்றும் நேரம் கடந்தும் அமர்ந்திருக்கக் கண்டோம். காற்று வாங்குகிறார் போலும் என்று எண்ணி இரண்டு முறை அவ்வழியே சென்று வந்துவிட்டோம். மூன்றாம் முறை செல்கையில்தான், கையிலிருந்த காய்கறிப் பையைக்கூட அவர் இன்னும் இறக்கி வைக்கவில்லை என்பது நம் கண்ணிற் பட்டது. கதவு பூட்டியிருந்தது. சாவியைக் காணோம்.

நடந்தது இதுதான். பழைய பூட்டு பழுதுற்றமையால் அவர் புதிய பூட்டு ஒன்று வாங்கியிருந்தார். அதன் சாவியைத் தம் சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ள முயன்றார். வாத நோயால் மூட்டுகள் வீங்கிய விரல்கள் அவருடையவை. எஃகு வளையம் இணங்கவில்லை. நகம் ஒடிந்ததுதான் மிச்சம். எனவே சாவியை ஒரு நூல்நாடாவில் கட்டி, நாடாவை வளையத்தோடு முடிந்துகொண்டார். எஃகின் விளிம்பில் நாள்தோறும் உராய்ந்த நாடா, சந்தைக்கும் வீட்டிற்கும் இடையே எங்கோ அறுந்துவிட்டது.

"யாரிடமாவது கொடுத்து மாட்டித் தரச் சொல்லியிருக்கலாமே, பெரியம்மா?" என்றோம்.

"என் வீட்டை நான் திறப்பதற்கு ஊரிலே யாரைப்பா போய்க் கேட்கிறது?" என்றார் அவர்.

அந்த மறுமொழி அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. இம்மாதம் வேறொரு பொருள் குறித்து எழுதக் கருதியிருந்தோம். அதை ஒத்திவைத்து, சாவி வளையம் என்னும் இச்சிறு பொருளையே எடுத்துக்கொள்கிறோம்.

'சாவி' என்னும் சொல்லே நம்முடையதன்று. 'திறவுகோல்' என்பதே நம் பழஞ்சொல். அலமாரி, ஜன்னல், மேசை ஆகியவற்றைப் போலவே சாவியும் போர்த்துக்கீசியர் வாயிலாக நம் கரையிறங்கி, பின்னர் இல்லத்துப் பிள்ளையாகவே வளர்ந்துவிட்ட சொல். பூட்டு என்றால் நம்மவர்க்குத் திண்டுக்கல் நினைவிற்கு வரும். அவ்வூர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019ஆம் ஆண்டில் கிடைத்தது. ஆனால் பூட்டுக்கும் சாவிக்கும் கிடைத்த புகழில் ஒரு துளியேனும் சாவியைத் தாங்கும் வளையத்திற்குக் கிடைத்ததில்லை. வளையம் இல்லாத காலத்தும் மாந்தர் சாவியை உடலோடு சேர்த்து வைக்க வழி தேடியே வந்திருக்கின்றனர். பண்டைய உரோமையர் உடையில் பை இல்லாமையால், சிறு சாவியை மோதிரத்தோடு ஒன்றாக வார்த்து விரலில் அணிந்தனர். வங்காளத்துப் பெண்டிர் சேலைத் தலைப்பில் முடிந்து தோளுக்குப் பின்னே தொங்கவிட்டனர். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய கொத்தின் ஓசையைக் கேட்டே அவர்கள் வருகையை அறிந்து, நாம் வெல்லப் பானையைவிட்டு விலகி ஓடியதுண்டு.

இனி வளையத்திற்கு வருவோம். இரண்டு கடமைகளை நாம் அதன்மேற் சுமத்துகிறோம். நாம் விரும்பும்போது எளிதில் திறக்கவேண்டும். நாம் விரும்பாதபோது ஒருபோதும் திறக்கலாகாது. மேலோட்டமாகப் பார்த்தால் இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை. திறப்பதை எளிதாக்கினால் சாவி நழுவும். காவலைக் கூட்டினால் நகம் ஒடியும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஒரு பழைய வளையத்தைக் கையில் எடுத்து, அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே அவ்வெண்ணம் மாறியது.

வாசகர்களும் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அது எஃகுக் கம்பியையோ பட்டையையோ இரண்டு சுற்றாகச் சுற்றியது. சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்தி நிற்கின்றன. ஒரு சாவியை மாட்டும்போது நிகழ்வது என்ன? கம்பியின் நுனியைச் சிறிதே தூக்கி, சாவியின் கண்ணை அதில் நுழைக்கிறோம். பிறகு சாவி இரு சுற்றுகளுக்கும் நடுவே ஆப்புப் போல் செருகிக்கொண்டு, ஏறக்குறைய ஒரு முழு வட்டம் பயணம் செய்து, மறுபுறத்து நுனியைக் கடந்ததும் இரு சுற்றுகளையும் ஒருங்கே அணைத்துத் தொங்குகிறது. அது தானாக வெளியேற வேண்டுமாயின், அதே பயணத்தைப் பின்னோக்கிச் செய்தாக வேண்டும். சட்டைப் பையில் எத்தனை குலுக்கல் நேர்ந்தாலும், ஒரு சாவி இரு சுற்றுகளையும் பிளந்துகொண்டு முழு வட்டம் ஊர்ந்து வருவது மிக அரிது. மேலும், கொத்தின் பாரம் வளையத்தை வெளிநோக்கி இழுக்கிறதேயன்றிப் பக்கவாட்டில் பிளப்பதில்லை.

இங்கேதான் நாம் கண்ட செய்தி உள்ளது. தொல்லை முழுவதும் முதற் கால் அங்குலத்தில் இருக்கிறது. காவல் முழுவதும் எஞ்சிய வட்டத்தில் இருக்கிறது. வாய் திறந்தபின் சாவியே ஆப்பாகித் தன் வழியைத் தானே பிளந்துகொள்கிறது. நம் நகத்திற்கு அங்கே வேலையில்லை. அங்ஙனமாயின், வாயை மட்டும் இளக்கி, வட்டத்தை அப்படியே விட்டுவைத்தால் என்ன? காவலுக்குப் பெருங்குறை நேராதன்றோ!

இதைச் சோதிக்க, நம் தெருமுனையில் சைக்கிள் பழுதுபார்க்கும் நண்பரை நாடினோம். வேலை ஓய்ந்திருந்த வேளை. அவருக்கும் ஆர்வம் பிறந்தது. முதலில் கட்டுக்கம்பியைச் சுற்றிப் பார்த்தார். தூக்கினால் தூக்கிய இடத்திலேயே நின்றது. மீளும் குணம் அதற்கில்லை. பின்னர் சைக்கிள் சக்கரத்தின் பழைய கம்பி ஒன்றை எடுத்தார். அது வலித்து இறுகிய எஃகு. 2 மில்லிமீட்டர் பருமன். ஓர் அங்குலக் குழாயின்மேல் சுற்றிக் கையை எடுத்ததும் சற்றே விரிந்து நின்றது. சுற்றுகளுக்கிடையே மயிரிழை இடைவெளி இருந்தமையால் சாவி இலகுவாய் நுழைந்தது. அதே இலகுவோடு வெளியே வந்து, அவருடைய எண்ணெய்த் தட்டில் விழுந்தது. இரு சுற்றுகளும் ஒன்றையொன்று அழுத்துமாறு முறுக்கிக் கொடுத்தார். இப்போது திருப்புளி இன்றித் திறக்க இயலவில்லை. ஒரு மணி நேரத்தில் வளையத்தின் இரு குறைகளையும் தனித்தனியே உண்டாக்கிப் பார்த்துவிட்டோம்!

இவ்விடத்தில் சிறிது கணக்குப் பேச வேண்டியுள்ளது; பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் இல்லத்தில் அவர்களையும் அழைத்துக்கொள்ளுங்கள். உருண்டைக் கம்பியின் விறைப்பு அதன் பருமனோடு நேராகக் கூடுவதில்லை. பருமனின் நான்காம் படியாகக் கூடுகிறது. பருமனைப் பாதியாக்கினால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். வளையத்தின் விட்டமோ இதற்கு எதிராகச் செயற்படுகிறது. விட்டத்தை இருமடங்காக்கினால், அதே அளவு பிளப்பதற்கு எட்டில் ஒரு பங்கு விசை போதும். ஆகவே 2 மில்லிமீட்டர்க் கம்பிக்கு மாற்றாக 1.5 மில்லிமீட்டர்க் கம்பியும், 25 மில்லிமீட்டர் விட்டத்திற்கு மாற்றாக 32 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டால், கண்ணுக்குச் சிறு மாற்றமே; விரலுக்கோ ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு உழைப்புத்தான்.

எனின், இன்னும் மெலிதாக்கலாமே என்பீர்கள். பித்தளைச் சாவிகளின் கண்ணைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் தொங்கிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். எஃகு கடினம், பித்தளை மென்மை. கம்பி மெலியுந்தோறும் அது வாள்போல் சாவியின் கண்ணை அறுக்கும். இறுதியில் வளையம் பிழைத்துச் சாவி அறுந்து விழும். எனவே மெலிவுக்கும் ஓர் எல்லை உண்டு.

வாயை இளக்குவது எவ்வாறு என்பதற்கு, நம் இல்லத்துப் பெண்டிர் தாலிக்கொடியில் மாட்டிவைத்திருக்கும் ஊக்கே ஆசான். அமெரிக்கரான வால்டர் ஹண்ட் என்பார் 1849ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்று, அவ்வுரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். அதை வாங்கியவர்கள் ஈட்டிய பொருளை நினைக்கும்போதெல்லாம் நமக்கு அந்த மனிதர்மீது இரக்கமே பிறக்கிறது. ஊக்கைத் திறக்க இரண்டு அசைவுகள் வேண்டும்: முதலில் கம்பியை உள்நோக்கி அமுக்கவேண்டும், பிறகு பக்கவாட்டில் விலக்கவேண்டும். இரண்டுமே குழந்தையும் செய்யத்தக்க எளிய அசைவுகள். ஆனால் இவை இரண்டும் இதே வரிசையில் தற்செயலாக நேர்வது அரிது. பெருவிசை வேண்டுவதனால் ஊக்கு நம் ஆடையைக் காப்பதில்லை. முறை வேண்டுவதனால் காக்கிறது. கடைகளில் இந்நாளில் விற்கும் சில வளையங்களும் இவ்வழியே செல்கின்றன. நுனிக்கருகே கம்பியைச் சிறிதே மேடாக வளைத்துவிடுகிறார்கள். அம்மேட்டை விரலால் அமுக்கினால் நுனி தானே எழும்பி வாய் திறக்கிறது. விரலை எடுத்தால் மூடிக்கொள்கிறது.

மலையேறுவோர் கயிற்றில் மாட்டும் கொக்கியைப் போலச் செய்து, வண்ணம் பூசிச் சாவிக்கென விற்பவை வேறு. அவற்றின் கதவு உட்புறமாகத் திறப்பது. எனவே உள்ளிருக்கும் சாவி தானே தள்ளித் திறந்துவிட இயலாது. ஆயினும் பைவிளிம்போ இடைவாரோ வெளியிலிருந்து கதவை அமுக்கும் கணத்தில், உள்ளிருப்பது வெளியே உருண்டுவிடலாம். திருகு மூடி உள்ள கொக்கியே நன்று. அதிலும், மூடுவதற்குத் திருகு கீழ்நோக்கி இறங்குமாறு கொக்கியைத் தொங்கவிடுங்கள். குலுங்கக் குலுங்கத் திருகு கீழே இறங்கவே முனையும். தலைகீழாக மாட்டியிருந்தால் அவ்விறக்கமே கதவைத் திறந்துவிடும்.

இத்தனை சிறிய பொருளுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று முகஞ்சுளிப்போர் உண்டு. அவர்கள்பொருட்டு ஒரு செய்தி. 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், எஞ்சினை இயக்கும் சாவிச் சுவிட்சின் குறைபாட்டிற்காக ஏறத்தாழ 26 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சுவிட்சு தன் நிலையில் உறுதியாக நில்லாமையால், சாவிக்கொத்தின் பாரமோ பாதையின் குலுக்கலோ, ஓடும் வண்டியிலேயே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டது. எஞ்சின் அணையவே, மோதும்போது விரிந்து உயிர்காக்கவேண்டிய காற்றுப்பையும் விரியவில்லை. இழப்பீட்டிற்கென அமைந்த நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. பழுது நீக்கும்வரை, வளையத்தில் வண்டிச் சாவியைத் தவிர வேறெதையும் வைக்கவேண்டா என்று உரிமையாளர்க்கு அறிவுறுத்தினர். அதே ஆண்டில் வேறு பல இலட்சம் கார்களுக்குச் செய்த திருத்தமோ வியப்புக்குரியது: சாவித் தலையில் இருந்த நீள்துளையைச் சிறு வட்டத்துளையாக மாற்றினர். நீள்துளையில் வளையம் ஓரத்திற்கு நழுவி நெம்புகோல்போல் சாவியைத் திருப்பும். நடுவே உள்ள வட்டத்துளையில் அவ்வாறு நழுவ இடமில்லை.

கொத்திலிருந்து வண்டிச் சாவியைப் பிரித்து வையுங்கள் என்று சொல்வது எளிது. வளையம் திறந்தாலன்றோ பிரிப்பது! நம் இல்லங்களிலும் மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்க்க விடும்போது, வீட்டுச் சாவி, பீரோச் சாவி, அலுவலகச் சாவி அனைத்தையும் ஒருசேர ஓர் அயலார் கையில் ஒப்படைத்து வருவோர் எத்தனை பேர்! அவர்கள் கவலையற்றவர்கள் அல்லர். வளையத்தோடு போராட நேரமில்லாதவர்கள். இத்தகையோர், என்றும் பிரியாத சாவிகளை ஒரு கெட்டியான வளையத்திலும், அடிக்கடி பிரியும் சாவியைத் தனியே ஒரு சிறு வளையத்திலும் கோத்து, இரண்டையும் திருகுக் கொக்கி ஒன்றால் இணைத்துக்கொள்வது நலம். கெட்டியான வளையத்தைத் திறக்கப் பல்லைப் பயன்படுத்தும் ஆடவர்க்கு ஒரு சொல்: கடையில் காகிதப் பின் பிடுங்கும் சிறு இடுக்கி விற்கிறார்கள், அதன் கூர்முனையை இரு சுற்றுகளுக்கிடையே செருகினால் வாய் திறந்து நிற்கும். பல்லைவிட அது மலிவு.

பெரியம்மாவின் வளையத்திற்கு வருவோம். சுருள்வில் சுற்றும் கடையொன்றில் 1.5 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி பெற்று, நம் சைக்கிள் நண்பர் 32 மில்லிமீட்டர் விட்டத்தில் சுற்றினார். ஒரு நுனியை மட்டும், தோணியின் முகப்பு எழுவதுபோல், சிறிதே மேல்நோக்கி வளைத்தோம். சாவியின் பருமன் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். வாயின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்தான். தானே நுழையாது, தள்ளினால் நுழையும். மறுநாளே பெரியம்மா ஒரு குறை சொன்னார்: நுனி சேலை நூலைப் பிடித்து இழுக்கிறதாம். நாம் நினையாத குறை அது. சேலை கட்டாதவர் செய்த வளையமன்றோ! அரத்தால் நுனியை உருட்டி, வளைவைச் சற்றுத் தணித்துக் கொடுத்தோம். அதன்பின் முறையீடு இல்லை.

வளையத்தைக் கையில் வாங்கிய அன்று அவர் செய்ததைக் குறிப்பிடவேண்டும். புதுப் பூட்டின் சாவியை மேசை விளிம்பில் நிறுத்தி, வாயை அதன் கண்ணில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். விரல் நுனிக்கு வேலையே இல்லை. சாவி நுழைந்து, சுற்றிவந்து, தொங்கியது. பிறகு பழைய கொத்தை நம்மிடம் நீட்டி, அதிலிருந்த சாவிகளைக் கழற்றித் தரச் சொன்னார். ஐந்து சாவிகள். ஒவ்வொன்றாகத் தாமே கோத்தார். ஐந்தாவது, துருவேறிய நீண்ட இரும்புச் சாவி; அதைக் கோத்து, கழற்றி, மீண்டும் கோத்தார்.

"இது எந்தப் பூட்டுக்கு, பெரியம்மா?" என்றோம்.

"வித்துட்டு வந்தோமே, அந்த வீட்டுக்கு" என்று சொல்லி, கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.