வண்ணம் பூசுமுன் கண்ணாடியைக் கழற்றுக

சித்தூர் அன்பர் ஒருவர் சென்ற மாதம் நமக்கு ஒரு வினா விடுத்திருந்தார். தந்தையார் வைத்துச் சென்ற அம்பாசிடர் வண்டிக்கு மீண்டும் வண்ணம் அடிக்க விரும்புகிறாராம். கண்ணாடிகளைக் கழற்றாமல், ஓரத்தில் தாள் ஒட்டியே அடித்துத் தருவதாகப் பட்டறையார் கூறுகின்றாராம். சம்மதிக்கலாமா என்பது கேள்வி. சரக்குப் பதிவேடு எழுதும் நமக்கு மோட்டார்ப் பட்டறையில் என்ன வேலை என்று சிலர் நகைப்பர். பணம் செலவழித்துக் கற்ற பாடம் ஆதலின் சொல்லத் துணிந்தோம்.

ஒலவக்கோடு நிலையம் பாலக்காடு சந்திப்பு என்று பெயர் மாறுவதற்கு முன்பே அதன் வாயிலில் வாடகைக்கு ஓடிய வண்டி நம் மாமாவினுடையது. சில ஆண்டுகளுக்கு முன் அதற்கு வண்ணம் அடித்தபோது, செலவு குறையட்டும் என்று கண்ணாடியைக் கழற்ற வேண்டாமெனச் சொன்னவர் நாமேதாம். பட்டறையாரும் மகிழ்ந்து இசைந்தார். இடவப்பாதி மழை தொடங்கிற்று. ரப்பர் ஓரத்தில் வண்ணம் தோல்போல் உரிந்தது. மாமாவின் காலடியில் நீர் தேங்கியது. "மாப்பிள்ளை, முகத்துக்குப் பவுடர் போட்டீர்; புண்ணைக் கழுவவில்லையே!" என்றார் மாமா. மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் தகரம் துருவேறி விரலுக்கு இடம் கொடுத்தது. ரப்பரின் அடியில் மறைந்திருந்த துருவின்மேல் வண்ணம் நிற்குமா?

அம்பாசிடரின் முன்கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டதன்று. தடித்த ரப்பர் பட்டையின் பள்ளத்தில் அமர்ந்திருப்பது. பழைய ரப்பரைக் காப்பாற்ற முயலற்க. கத்தியால் அறுத்தெறிந்துவிட்டுப் புதிது வாங்குக. ரப்பர் கிடைக்கும், உத்தரபாராத் தொழிற்சாலை 2014 இல் உற்பத்தியை நிறுத்திவிட்டதால் கண்ணாடி தேடுவதே அரிதாகி வருகிறது. துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, வண்ணம் நன்கு உலர்ந்த பின்னரே திரும்பப் பொருத்துதல் வேண்டும். புதிய ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் வெளிப்பள்ளத்தில் ஒரு கயிற்றை வளைத்து வைத்து, சோப்பு நீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் மெல்ல அழுத்த, உள்ளிருந்து மற்றவர் கயிற்றை இழுக்க வேண்டும். ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஏறி அமரும். மூலையில் சுத்தியல் எடுப்பவரை உடனே வீட்டுக்கு அனுப்புக.

பிற்காலத்து வண்டிகளில் இம்முறை செல்லாது. அவற்றில் கண்ணாடி பாலியூரித்தேன் பசையால் உடலோடு ஒட்டப்பட்டிருக்கிறது. குமுளியில் ஏலத்தோட்டத்துக் கணக்கராயிருக்கும் நம் உறவினர் ஒருவர் தம் வண்டியைக் கொடுத்தார். அங்கிருந்தவர் அம்பாசிடர் பழக்கத்தில் திருப்புளி நுழைத்து நெம்பினார்; ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கோடு ஓடிற்று. முறையாவது: உறுதியான கம்பியைப் பசையினூடே செலுத்தி, உள்ளே ஒருவர், வெளியே ஒருவராக அறுத்தல். பழைய பசையை அடியோடு வழித்தெடுக்காமல், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுவிட வேண்டும். வண்ணம் அடிக்கும்போது அப்பசைமேல் ஒரு துளியும் படாதபடி மூடுக. புதுப்பசை அதன்மேல் பிடிப்பதுபோல் புதுவண்ணத்தின்மேல் பிடிப்பதில்லை. குளியலறைக்கு வாங்கும் சிலிக்கோன் குழாயைக் கொண்டு இவ்வேலையை முடிக்க எண்ணுவோர் உளர், அது கூடாது. வண்டி உருண்டால் கூரையைத் தாங்குவதில் அக்கண்ணாடிக்கும் பங்குண்டு; காற்றுப் பையுள்ள வண்டிகளில் பயணி பக்கத்துப் பை விரிந்து சாய்வதும் அதன்மேலேதான்.

உறவினர் புதுக்கண்ணாடி ஒட்டிய அன்று மாலையே குடும்பத்தோடு மலையிறங்கிக் கம்பம் போகப் புறப்பட்டார். பசை காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் கொண்டு இறுகுவது; பாலக்காட்டின் வெம்மையில் இறுகும் விரைவில் குமுளியின் குளிர் இரவில் இறுகாது. எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டுமென்று குழாயின்மேலேயே அச்சிட்டிருந்தது. அதை வாசித்துக் காட்டி, வண்டிச் சாவியை நம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டோம். அவர்கள் பேருந்தில் சென்றனர். இரண்டு நாள் அண்ணியார் நம்மோடு பேசவில்லை.

சித்தூர் அன்பருக்கு ஒன்று: நிறத்தையே மாற்றுவதாயின் பதிவுச் சான்றிலும் மாற்றிக்கொள்க. கழற்றும் நாளன்று ஞாயிறாக இருந்தால், கயிறு இழுக்க நாமும் வருவோம்.