அத்தி மரத்துக்கு ஒரு மனு

மாண்புமிகு கர்நாடக வனத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

மயிலாடுதுறையிலிருந்து எழுதுகிறேன். ஐப்பசி பிறக்கும் வேளையில் தலைக்காவிரியில் தீர்த்தம் பொங்குவதைக் காண உங்கள் மக்கள் கூடுகிறார்கள். அந்த மாதம் முழுக்க எங்கள் ஊர்த் துலாக் கட்டத்தில் நாங்கள் முழுக்குப் போடுகிறோம், காவிரியில் தண்ணீர் இருந்தால். பயப்படாதீர்கள், டிஎம்சி கேட்டு எழுதவில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டிஎம்சியைப் பற்றிப் பேச இரு பக்கமும் ஆள் உண்டு. அந்தக் காவிரி பிறக்கும் குடகின் காப்பித் தோட்டத்து மரங்களைப் பற்றிப் பேசத்தான் இங்கே ஆளைக் காணோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மடிகேரிப் பக்கம் ஒரு சிறு தோட்டத்தில் இரண்டு நாள் தங்கினேன். ஐந்து ஏக்கர் காப்பி. ஒரு மூலையில் மட்டும் பலா, அத்தி, ஈட்டி என்று பழைய காட்டு மரங்கள் கிளை பரப்பி நின்றன. மற்ற இடமெல்லாம் பந்தல்கால் நட்டதுபோல சில்வர் ஓக், ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி. "அந்த அத்தியும் ஒருநாள் போய்விடும்" என்றார் தோட்டக்காரர். வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனால் அவர் போட்ட கணக்குக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

கணக்கு இதுதான். நெல் வயலுக்குத் தழையும் வீட்டுக்கு விறகும் கிடைக்கட்டும் என்று விடப்பட்ட மேட்டுக்காட்டைக் குடகில் 'பாணெ' என்கிறார்கள். அந்தக் காட்டு நிழலில்தான் காப்பி புகுந்தது. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாட்டின்படி, மரத்துக்குரிய பணம் கட்டி மீட்காத நிலத்தில் நிலம் உழவருக்கு, மரம் அரசாங்கத்துக்கு. தானாக முளைத்த ஈட்டிக் கன்றைக் காத்து வளர்த்தால், பலன் அவருக்கில்லை, காவல் வேலை மட்டும் அவருக்கு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்குக்கு வெட்டு அனுமதியே வேண்டாம். நேராக வளரும், மிளகைத் தாங்கும், இருபத்தைந்து ஆண்டில் மகள் கல்யாணத்துக்குக் கைகொடுக்கும். எந்தத் தகப்பன் ஈட்டி வளர்ப்பான்?

1990களில் காப்பி வாரியத்தின் கட்டாயக் கொள்முதல் படிப்படியாக முடிந்து, உழவர்களே விற்கலாம் என்றானது. 1994இல் பிரேசிலில் உறைபனி விழுந்து உலக விலை எகிறியது. காசு வந்த கை நிழலைக் குறைத்தது. ரொபஸ்டா வகைக் காப்பிக்கு வெயில் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். தேவரகாடுகளும் தப்பவில்லை. 1905இல் சுமார் 15,500 ஏக்கர் இருந்த அந்தக் கோயில்காடுகள் 1985இல் 6,300 ஏக்கருக்குச் சுருங்கிவிட்டன.

மரம் போனால் மழை போகும் என்று மேடைப்பேச்சு பேச நான் வரவில்லை. 2018 ஆகஸ்டில் உங்கள் மலைகள் சரிந்து வந்ததை சில்வர் ஓக்கின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. நான் சொல்ல வந்தது தேனீயைப் பற்றி.

ரொபஸ்டா தன் மகரந்தத்தால் தான் காய்க்காது. வேறு செடியின் மகரந்தம் வந்து சேர வேண்டும். கோடை மழை விழுந்த சில நாட்களில் தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று பூக்கும். ஓரிரு நாளில் வாடிவிடும். அந்தக் குறுகிய நேரத்தில் மகரந்தம் சுமப்பதில் பெரும்பங்கு மலைத்தேனீக்கு. தோட்டத்தில் அது பெரும்பாலும் உயர்ந்த மரத்தின் பருத்த கிளைக்கு அடியில் அடை கட்டும். சில்வர் ஓக்கின் ஒல்லிக் கிளையில் எங்கே கட்டுவது? அத்திப்பழம் தின்ன வரும் இருவாச்சிக்கும் அங்கே வேலை இல்லை. நிழலை வெட்டிக் கூட்டிய விளைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேனீக்கள் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

உழவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்நிய மரத்துக்கு வாசலைத் திறந்து, சொந்த மரத்துக்குப் பூட்டுப் போட்டது சட்டம். ஈட்டியைத் திருடர்களிடமிருந்து காக்கப் போட்ட பூட்டுதான், தெரியும். ஆனாலும், உழவர் தன் கையால் நட்டுக் கணக்கில் பதிந்த பலாவும் வெண்தேக்கும் அவருக்கே சொந்தம் என்று எழுதிக் கொடுப்பதில் என்ன தடை? மீட்காத நிலத்தின் மரங்களிலும் அவருக்கு ஒரு பங்கு கொடுங்கள். நிற்கும் மரத்துக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை கொடுப்பதென்றால், அதில் எங்கள் மாநிலமும் பங்கு போடவேண்டும் என்று இங்கே கேட்க நான் தயார். தண்ணீர் குடிப்பவர்கள் நாங்களும்தானே.

ஐப்பசி பிறக்கும் அடுத்த துலா சங்கிரமணத்துக்குத் தலைக்காவிரி போகும்போது, சாலையோரத் தோட்டங்களில் நேர்நேராக நிற்கும் அந்த மரங்களை எண்ணிக்கொண்டே போங்கள். திரும்பி வந்ததும், வெட்டு அனுமதி விலக்குப் பட்டியலை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடைமடைக்காரன் ஒருவன்